வயிற்றில் பை கட்டியவர்

பொறாமை என்று பார்த்தால் நான் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை. என்னோடு படித்தவர்கள் எனக்கு முன்னால் கார் வாங்கினார்கள், புறநகர்ப் பியர்பொன்ட்ஸில் புல்வெளி வைத்த வீடு வாங்கினார்கள், மாமனார் மாமியாரைக் கூட்டிவந்து மொன்றியலைச் சுற்றிக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்த் தூங்கினேன். ஆனால் பெருங்குடலே இல்லாத, வயிற்றின் வலப்பக்கம் ரப்பர் பை ஒட்டிக்கொண்டு திரிந்த, முன்மண்டை வழுக்கை விழுந்த ஒரு பூகோள வாத்தியார் மேல் நான் பட்ட பொறாமை இருக்கிறதே, அது தனி. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் காது சூடாகிறது.

அறுபதுகளின் கடைசியில் நானும் மனைவியும் இங்கே, கனடாவுக்கு, வந்தோம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் கிரேன்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் நிறுவனத்தில் எனக்கு வேலை. லாசாலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு. குழந்தை இல்லை. வந்த இரண்டாவது குளிர்காலத்தில் மனைவிக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ரத்தம் போக ஆரம்பித்தது. பெருங்குடல் முழுக்க உள்தோல் புண்ணாகிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்த வியாதியின் ஆங்கிலப் பெயரை என் வாயில் சரியாக வரவழைக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த இரண்டு வருஷம் அந்த வியாதியோடு குடித்தனம் நடத்தியவன் நான். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். மொன்றியல் மெட்ரோவில் கழிப்பறை கிடையாது என்பது மற்றவர்களுக்கு ஒரு செய்தி, எங்களுக்கு அது உயிர் போகிற விஷயம். எந்த நிலையத்தில் ஏறி வெளியே வந்தால் எந்தச் சிற்றுண்டிச் சாலைக்காரன் முகம் சுளிக்காமல் உள்ளே விடுவான், எந்தத் தெருமுனைத் தெப்பனர் கடைக்காரி பின்பக்கக் கதவைத் திறந்துவிடுவாள், எந்த மாதாகோவிலில் பகல் நேரத்தில் நிலவறைக்குப் படி திறந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவள் முகம் லேசாக வெளுத்தால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன். விரிப்புகளைச் சுருட்டிக் கட்டடத்தின் அடித்தளத்திலிருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோவேன். குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசினால்தான் ரத்தக்கறை போகும் என்று கண்டுபிடித்தவன் நான். ஸ்டீராய்டு மாத்திரையில் அவள் முகம் பூரி மாதிரி உப்பியபோது, சுவர்க் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தவனும் நானே. அவளுக்கு என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. மறைக்கிற தெம்பும் இல்லை.

மாத்திரைக்கு அடங்காது, குடலை எடுத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னபோது, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மருத்துவ நண்பர் ஒருவர் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேனாவால் படம் போட்டு விளக்கினார். பெருங்குடல் முழுவதும், மலக்குடல் வரைக்கும், போய்விடும். சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து மடித்துத் தைத்துவிடுவார்கள். அதன்மேல் ஒரு பை. ஆயுளுக்கும் அப்படித்தான். மனைவி படத்தைப் பார்க்கவேயில்லை. இனிமேல் ஓட வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றார் நண்பர். அப்போ எடுத்துடட்டும் என்றாள்.

அறுவைக்கு முந்தின நாள் மருத்துவர் நாலைந்து மாணவர்களோடு வந்தார். துளை எங்கே வர வேண்டும் என்று வயிற்றில் மையால் குறி வைக்க வேண்டுமாம். என்னை வெளியே போகச் சொன்னார்கள். திரும்பி வந்து எங்கே வைத்தார்கள் என்று கேட்டதற்கு, "வச்சுட்டாங்க" என்றதோடு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

பிழைத்து வந்தாள். ஒரு வாரம் குழாய்களும் பாட்டில்களுமாகக் கிடந்தாள். அதன்பிறகு ஒருநாள் தாதி என்னிடம் ஒரு வழக்கத்தைச் சொன்னாள். இதே அறுவை செய்துகொண்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாகச் செய்துகொண்டவரைப் பார்க்கப் பழையவர் ஒருவர் வருவார். எப்படிக் குளிப்பது, எப்படித் தூங்குவது, பையை எப்படி மாற்றுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். டாக்டருக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்றாள். பெண்ணுக்குப் பெண்ணைத்தான் அனுப்புவார்களாம். ஆனால் அந்த மாதம் கிடைத்த பெண்களெல்லாம் பிரெஞ்சு மட்டும் பேசுகிறவர்கள். என் மனைவிக்கோ போன்ஜூர், மெர்சி இரண்டைத் தாண்டித் தெரியாது. அதனால் ஆங்கிலம் தெரிந்த ஆண் ஒருவரை அனுப்புகிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று தாதி கேட்டாள். எனக்கென்ன ஆட்சேபம் என்று பெருந்தன்மையாகச் சொல்லித் தொலைத்தேன்.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். உயரம். கம்பளிக் கோட்டில் குழாய்ப் புகையிலை வாசனை. என் கையைக் குலுக்கிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். "போன்ஜூர், மதாம்" என்றார். நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எனக்கொரு நாற்காலி தேடினேன். அவர் மிக மரியாதையாக என்னைப் பார்த்து, கீழே காப்பி நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். என் மனைவியின் கட்டிலைச் சுற்றி. நான் வெளியே, அவர் உள்ளே.

காப்பிக்கு யார் போனது? நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். தணிந்த குரலில் பேச்சு நடந்தது. பிறகு பெல்ட் கொக்கி அவிழ்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தன் வயிற்றைக் காட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் அங்கிருந்து நகரவில்லை. அதற்கப்புறம் அவள் சிரித்தாள்.

இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவளைச் சிரிக்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? ஊரிலிருந்து வந்த கடிதங்களை நடித்துக் காட்டியிருக்கிறேன், மேலாளர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டியிருக்கிறேன். உதட்டோரம் லேசாக அசையும், அவ்வளவுதான். இந்த மனுஷன் வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐயோ வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் போன பிறகு, என்ன அப்படிச் சிரிப்பு என்று கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள். மாலையில் தாதி பை மாற்ற வந்தபோது, நான் எழுந்து கிட்டே போய் நின்றேன். இதையெல்லாம் இனி நான்தானே வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்? மனைவி தாதியைப் பார்த்து, இவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என்னிடம் தமிழில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் கேட்டாள். கடைக்குப் போய் வாங்கிவந்து நானே திருகாணி முடுக்கிக் கொடுத்தேன். அன்று முதல் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு தனி உலகம் நடந்தது. தண்ணீர் ஓடும், டப்பா திறக்கும், கத்தரிக்கோல் விழும், முனகல் கேட்கும். உதவி வேண்டுமா என்றால் வேண்டாம் என்று பதில் வரும். ராத்திரி பழைய நூல் புடவையைப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எங்களுக்கு நடுவில் ஒரு தலையணை முளைத்தது. பை நசுங்காமல் இருக்க என்று காரணம் சொன்னாள். இருக்கலாம். அந்தத் தலையணையை அவர்தான் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று எனக்குள்ளே ஒரு குரல் சொன்னது. ஒருநாள் கேட்டே விட்டேன். ஆமாம், அவர்தான் சொன்னார் என்றாள்.

பைக்காரர் என்று மனதுக்குள் அவருக்குப் பெயர் வைத்தேன். வாயில் வரும்போது சார் என்றுதான் வரும். பைக்காரரோடு அவள் தொலைபேசியில் பேசுவாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை அவருக்கு முருங்கைக்காயை விளக்கினாள். அது ஒரு குச்சி, ஆனால் குச்சி இல்லை, மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பாடம் நடத்தினாள். துப்புவது என்றால் எவ்வளவு துப்புவீர்கள், நார் உள்ளே போகுமா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். நார் குடல் வாயை அடைத்துவிடும், தேங்காயும் அப்படித்தான், கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. என் வீட்டுச் சாம்பாரில் என்ன மிதக்க வேண்டும் என்று முருங்கைக்காயைக் கண்ணால் பார்க்காத ஒருவர் முடிவு செய்தார். நான் வாயை மூடிக்கொண்டு அவரைக்காய்ச் சாம்பார் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டதும் வருவார். நான் வேலையிலிருந்து வரும்போது என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அது என் நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டபரா செட்டில் டிகாக்‌ஷன் காப்பி. ஊரிலிருந்து வந்த காப்பிப் பொடியை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருப்போம். டபராவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விரல் சுட்டு அவர் ஊதிக்கொள்வார், அவள் சிரிப்பாள், ஆற்றிக் காட்டுவாள். எனக்கு ஆற்றிக் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்ப்பேன்.

ஒருமுறை அவர் ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே பழுப்பாகக் குழைவான வளையங்கள். பை ஒட்டுமிடத்தில் தோல் புண்ணாகாமல் இருக்க இதை வைக்க வேண்டும். கராயா என்று ஒரு பிசின், எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்கள் இந்தியாவிலிருந்து, அங்கே காட்டு மரத்தைக் கீறி எடுக்கிறார்கள் என்று பூகோள வாத்தியார் எனக்கு என் நாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். மனைவி அந்த வளையத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். புளித்த வாசனை வருகிறது, ஊர் வாசனை என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு ஊர் வாசனையைக் கொண்டுவந்து கொடுக்கவும் ஒரு கெபெக் மாகாணத்துக்காரர் வேண்டியிருந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவள் நன்றாகத் தேறினாள். முகத்தின் உப்பல் வடிந்து பழைய கன்னம் வந்தது. ஆற்றங்கரைப் பாதையில், ஆறு நுரைத்துப் பாயும் நீர்ச்சரிவு வரை தனியாக நடந்துபோய் வந்தாள். கழிப்பறையைத் தேடாமல் மெட்ரோவில் ஊர் முழுக்கச் சுற்றினாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கடைகளையெல்லாம் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனாள். அவள் நோயாளியாக இருந்தவரை அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது நான் சம்பளம் கொண்டுவரும் ஆள், அவ்வளவுதான். கட்டிய மனைவி குணமானதற்கு எவனாவது வயிறெரிவானா? நான் எரிந்தேன்.

பிறகு கால்சட்டை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து, பனி முழங்கால் ஆழம் கிடந்தாலும், புடவைக்குமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவள். ஒரு வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது சாம்பல் நிறக் கால்சட்டையும் தொளதொளவென்று ஒரு மேல்சட்டையும் போட்டு நின்றாள். அழகாகத்தான் இருந்தாள், அதுதான் கஷ்டம். எங்கே வாங்கியது என்று கேட்டேன். அவர் ஒரு கடை சொன்னார், இடுப்பில் ரப்பர் வைத்துத் தைத்தது என்றாள். அதன்பிறகு புடவையை அவள் தொடவேயில்லை. பெட்டியிலிருந்த பட்டுப்புடவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னையே யாரோ மடித்து உள்ளே வைத்த மாதிரி இருந்தது.

அன்று அவரைக் கீழே வழியனுப்பப் போனேன். வழியனுப்பவா போனேன்? கட்டடத்தின் வெளிப்படியில் பனி இறுகிக் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என் மனைவியோடு அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். என் ஆங்கிலம் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கரடுமுரடாக வந்தது. அவர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். நான் பையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மற்றதெல்லாம் உங்கள் மனைவி பேசுகிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். அந்த மற்றது என்ன என்று கேட்டேன். அது அவருடையது, மிஸ்யூ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வழுக்கி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விழவில்லை. பனியில் நடக்கத் தெரிந்த ஊர்க்காரர்.

வசந்தத்தில் மதுரை நண்பர் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினார். பால் காய்ச்சிக் குடிபுகுகிறோம், காலை பத்து மணிக்குப் பூஜை, சாப்பாடு அங்கேயே என்று கணவனும் மனைவியுமாக வந்து குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்காக அத்தனை அலைந்தவர்கள். போகாமல் இருக்க முடியாது. சரி சரி என்று சொன்னவள், அந்த நாள் காலையில் கட்டில் விளிம்பில் உள்பாவாடையும் ரவிக்கையுமாக உட்கார்ந்துவிட்டாள். பச்சைப் பட்டுப்புடவை மடி பிரியாமல் பக்கத்தில் கிடந்தது. நான் வேட்டி கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டு, பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். பியர்பொன்ட்ஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

ஏன் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த புடவையைத் தள்ளி வைத்தாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டது. இன்றைக்கு வியாழக்கிழமை இல்லையே, அவர் வர மாட்டாரே, அப்புறம் எதற்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு ஆச்சரியம்தான் இருந்தது. நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது போலிருந்தது. உட்காருங்கள் என்றாள். தலையணை கிடக்கிற இடத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் குறி வைத்த கதையைச் சொன்னாள். அறுவைக்கு முந்தின நாள் மருத்துவர், உங்கள் உடையை இடுப்பில் எந்த இடத்தில் கட்டுவீர்கள், அந்த இடத்தைத் தவிர்த்துத் துளை போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சுற்றி இளவட்ட மாணவர்கள். அவள் புடவை கட்டுவது தொப்புளுக்குக் கீழே இறக்கி. அப்போது எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் தொப்புளுக்குக் கீழே என்று அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வது? நல்ல குடும்பத்துப் பெண் எங்கே கட்டுவாளோ அங்கே, தொப்புளுக்குச் சரியாக, விரலால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். மருத்துவர் தலையாட்டிவிட்டு, அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே, வலப்பக்கத்தில், மையால் புள்ளி வைத்துவிட்டார். அவள் தினமும் பாவாடை நாடாவை முடிகிற அதே இடம்.

"வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். அது அப்படியே வயித்துல உக்காந்துடுச்சு" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்? வலித்ததா, கஷ்டப்பட்டாயா, இத்தனை நாளாக இதைத் தனியாகவா சுமந்தாய். நான் கேட்டது, இது அவருக்குத் தெரியுமா என்று.

தெரியும் என்றாள். முதல் நாளே சொல்லிவிட்டாளாம். மருத்துவமனையில் திரைக்குப் பின்னால் சிரித்தது அதற்குத்தானாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் மதாம், மருத்துவரிடம் எங்கே கட்டுவதாகச் சொன்னீர்களோ இனிமேல் அங்கேயே கட்டுங்கள், பொய் உண்மையாகிவிடும் என்றாராம். யோசனை சரிதான். நாடாவை மேலே ஏற்றிக் கட்டினால் பை அதற்குக் கீழே தாராளமாகத் தொங்கும், புடவை மடிப்பு மறைத்துவிடும். ஊரில் எதிர்வீட்டு மாமி மாதிரி இருப்பேன், பரவாயில்லை என்றாள். ஆனால் பை எங்கே புடைக்கிறது, மடிப்பு எங்கே விலகுகிறது என்று நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கண்ணாடியில் தெரியாது. கால்சட்டைக்கு அந்த வம்பு இல்லை.

"நான் இல்லையா அதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

அவள் புடவையின் ஜரிகையைத் தடவினாள். பிறகு பைக்காரரின் மனைவியைப் பற்றிச் சொன்னாள். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவருக்கு அறுவை நடந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், அவளே ஆசையாகக் காட்டச் சொல்லியிருக்கிறாள். காட்டியிருக்கிறார். அவள் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை, அழவும் இல்லை. முகம் மட்டும் ஒரு கணம் மாறியதாம். அந்த ஒரு கணத்தை அவராலும் மறக்க முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. அடுத்த வருஷம் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கெபெக் நகரத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சார் இதை எனக்கு எச்சரிக்கையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான் என்றாள்.

"அவர் என்னை இப்படித்தான் பார்த்தார். நான் முன்னாடி எப்படி இருந்தேன்னு அவருக்குத் தெரியாது. நீங்க முன்னாடி பார்த்தவங்க."

பஸ் போகிற சத்தம் கீழே கேட்டது. அடுத்தது அரை மணி கழித்துத்தான்.

நான் காட்டு என்று கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் போய்விட்டது. அவளே எழுந்து நின்றாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நகர்ந்து, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கீழே இறக்கினாள். பையைத் தாங்கும் பெல்ட்டின் கொக்கியை விடுவித்து, பையின் விளிம்பைப் பழகிய கையால் மெதுவாக உரித்தெடுத்தாள். குடலின் நுனி கோவைப்பழம் மாதிரி சிவப்பாக, ஈரமாக, சின்னதாக இருந்தது. இத்தனை மாதமும் நான் கற்பனை செய்ததில் பாதிகூட இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாகச் சுருங்கி விரிந்தது. வயிற்றின் நடுவிலிருந்த நீளத் தையல் வடு அதைவிடக் கொடூரமாக இருந்தது.

"வலிக்குமா?"

"அதுக்கு வலி தெரியாது."

தொடலாமா என்று கேட்டேன். தொடுங்கள், அதுகூட அதற்குத் தெரியாது என்றாள். ஒரு விரலால் தொட்டேன். சூடாக இருந்தது. அந்த அறையில் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் என் புத்தி போன இடத்தைச் சொல்கிறேன். நான் மூன்றாவது ஆளோ, நாலாவது ஆளோ. மருத்துவர் பார்த்தார், தாதி பார்த்தாள், அந்த மனுஷன் முதல் நாளே, திரைக்குள்ளே, எனக்கு முன்னால் பார்த்துவிட்டார். அப்போது அவர் முகத்தை எப்படி வைத்திருந்திருப்பார்? என்ன சொல்லியிருப்பார்?

நிமிர்ந்தேன். அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கண் இமைக்காமல். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை மாற்றிக்கொள்ளவும் நேரமில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

அவள் கிட்டே வந்து, படிக்கத் தெரியாத எழுத்தைப் படிக்கிற மாதிரி என் முகத்தில் தேடினாள். நெற்றியில் தேடினாள், வாயோரத்தில் தேடினாள். அப்புறம் அவள் தோள் தளர்ந்தது.

"அருவருப்பு இருக்கும்னு பயந்துட்டே இருந்தேன். அது இல்ல. அவர் பார்த்துட்டாரேங்கிறதுதான் இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே, இதற்குப் போய் ஒரு மனுஷன் பொறாமைப்படுவானா என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் ஆமாம் என்றேன். எனக்கு எரிகிறது, இப்போதும் எரிகிறது, அடுத்த வியாழக்கிழமையும் எரியும் என்றேன். எரியட்டும் என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. புதுப் பையை எடுத்து என் கையில் கொடுத்து, எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டினாள்.